குடலுள் ஓர் உட்பகை

நுழையும்முன்

காய்ச்சலைக் கண்டால் அஞ்சுகிறோம். ஆனால், காய்ச்சல் என்பது பகைவனின் வரவை உடல் கண்டுகொண்டதற்கான அறிகுறி. குடற்காய்ச்சல் எனப்படும் டைபாய்டில் அந்த அறிகுறி தோன்ற ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகின்றன. அதுவரை உடலின் காவலர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வந்தவனை அவர்கள் ஏன் அடையாளம் காணவில்லை? நுண்ணோக்கியின்கீழ் நடக்கும் இந்த ஒளிவுமறைவுப் போரின் நுட்பங்களை விளக்குகிறது இப்பாடம்.

*

விருந்தொன்றில் கெட்டுப்போன உணவை உண்டவர்கள் மறுநாளே வயிற்றுப்போக்கால் துன்புறுவதைப் பார்த்திருப்போம். அத்தகைய நிகழ்வுகள் பலவற்றுக்குக் காரணமாவது ‘சால்மோனெல்லா டைஃபிமூரியம்’ என்னும் பாக்டீரியா. பன்னிரண்டு மணி முதல் மூன்று நாளுக்குள் அது தன் வரவை அறிவித்துவிடும். வயிறு வலிக்கும், குடல் எரியும், சில நாள்களில் பெரும்பாலோர்க்குத் தானே தணிந்தும்விடும். டைபாய்டை உண்டாக்கும் ‘சால்மோனெல்லா டைஃபி’ அதன் உடன்பிறப்பு. இரண்டும் ஒரே சிற்றினத்தின் இருவேறு வகைகளே. ஆயினும், டைஃபி குடலில் நுழைந்த அன்று எந்த ஆரவாரமும் இல்லை. உண்டவர் வழக்கம்போல் பள்ளிக்கும் பணிக்கும் செல்கிறார். இரண்டு வாரம் கழித்துப் படிப்படியாக ஏறும் காய்ச்சலோடு படுக்கையில் விழும்போது, எந்த உணவு, எந்த நீர் என்று அவரால் நினைவுகூரவும் இயலாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 90 இலட்சம் பேர் டைபாய்டால் நோயுறுகின்றனர். ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் பேர் இறக்கின்றனர். ஆரவாரம் செய்யும் உடன்பிறப்பைக் காட்டிலும் அமைதியாக வருவதுதான் கொடியது என்பதை இவ்வெண்களே காட்டும்.

மதிலும் காவலும்

பகைவர் முற்றுகையிட மதில் காப்போர் நொச்சி சூடினர். மதிலை வளைத்தோர் உழிஞை சூடினர். இது நம் புறத்திணை மரபு. மனிதக் குடலை ஒரு மதிலாகக் கொள்வோமாயின், அதன் அமைப்பு விந்தையானது. வெளியுலகை உடலிலிருந்து பிரிக்கும் அச்சுவர், பெரும்பகுதியில் ஒரே ஒரு செல் அடுக்கின் தடிமன் கொண்டது. செரித்த உணவு உள்ளே செல்லவேண்டும் என்பதால் அதைத் தடிமனாக எழுப்ப இயலாது. மெல்லிய சுவரைக் கொண்டே வலிய காவல் செய்யவேண்டிய கட்டாயத்தில் குடல் இருக்கிறது.

எனவே, காவல் பல அடுக்குகளாக அமைந்துள்ளது. முதலில் இரைப்பையின் அமிலம். அதைக் கடந்து வருவோரைக் குடற்சுவரின் மேல் படர்ந்துள்ள கோழைப்படலம் சிக்கவைக்கும். சுவரின் மடிப்புகளில் உள்ள பேனத் செல்கள், பாக்டீரியாவின் மேலுறையைத் துளைக்கும் சிறு புரதங்களைச் சுரக்கும். ‘ஐஜிஏ’ வகை எதிர்ப்பொருள்கள் நுண்ணுயிரிகளை ஒன்றோடொன்று பிணைத்து வெளியேற்றும். இவற்றோடு, குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் கோடானுகோடி நல்ல பாக்டீரியாக்களும் உண்டு. புதிதாக வருவோர்க்கு உணவும் இடமும் கிடைக்காதபடி அவை பார்த்துக்கொள்கின்றன. ஊர்மக்களே காவலர்களாவதற்கு ஒப்பானது இது.

சுவருக்கு உட்புறம் விழுங்குசெல்கள் காத்திருக்கின்றன. 1882ஆம் ஆண்டு இத்தாலியின் மெசினா நகரில், உருசிய உயிரியலாளர் இலியா மெச்னிகோவ், ஒளி ஊடுருவும் உடல்கொண்ட நட்சத்திரமீன் இளவுயிரி ஒன்றனுள் சிறு முள்ளைச் செருகிவைத்தார். மறுநாள் காலை, அம்முள்ளைச் சூழ்ந்து நகரும் செல்கள் மொய்த்திருந்தன. அயற்பொருளைச் சூழ்ந்து விழுங்கும் செல்களே உடலின் காவலர் என்னும் கருத்து அங்கிருந்துதான் பிறந்தது. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் கண்ட பெருவிழுங்கு செல்களே, அதாவது மேக்ரோஃபேஜ்களே, டைஃபி பாக்டீரியாவின் விருப்பமான வாழிடம் என்பது இக்கதையின் முரண்.

எத்தனை பேர் வந்தால் மதில் வீழும்? அமெரிக்காவின் மேரிலாந்தில் தன்னார்வலர்களிடம் நடத்தப்பட்டு 1970இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு விடை தருகிறது. ஆயிரம் டைஃபி பாக்டீரியாக்களை விழுங்கிய எவரும் நோயுறவில்லை. ஓர் இலட்சத்தை விழுங்கியவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நோயுற்றார். நூறு கோடியை விழுங்கியவர்களுள் ஏறக்குறைய அனைவருமே நோயுற்றனர். காவல் அடுக்குகள் வீணானவை அல்ல. வருவோரில் மிகப் பெரும்பாலோரை அவை கொன்றுவிடுகின்றன. எஞ்சியவற்றின் திறமையே நாம் ஆராயவேண்டியது.

காவலர் வாயிலே நுழைவாயில்

சிறுகுடலின் கடைப்பகுதியில், ‘பேயர் திட்டுகள்’ எனப்படும் நிணநீர்த் திசுக்கள் உள்ளன. அவற்றின் மேற்பரப்பில் ‘எம்’ செல்கள் எனப்படும் தனிவகைச் செல்கள் இருக்கின்றன. குடலில் செல்வனவற்றிலிருந்து சிறிதளவு மாதிரியை எடுத்து, கீழே காத்திருக்கும் நோயெதிர்ப்புச் செல்களிடம் கொடுப்பது அவற்றின் பணி. சுங்கச்சாவடியில் மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் காவலரைப் போன்றவை அவை. சால்மோனெல்லா இந்த வாயிலையே தேர்ந்தெடுக்கிறது. சோதனைக்கு என்று உள்ளே எடுத்துச் செல்லப்படும் பொருளாகத் தன்னை ஒப்படைத்துவிட்டு, மதிலைக் கடந்துவிடுகிறது.

எம் செல் கிடைக்காத இடத்தில் அது வேறொரு வழியையும் கையாள்கிறது. அதன் உடலின்மேல் நுண்ணிய ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் நீளம் தலைமயிர் ஒன்றின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வூசியின் வழியே தன் புரதங்களைக் குடற்செல்லுக்குள் நேரடியாகச் செலுத்துகிறது. அப்புரதங்கள் செல்லின் உட்சட்டகத்தைக் குலைக்க, செல்லின் மேற்பரப்பு அலையலையாக எழும்பிப் பாக்டீரியாவைச் சுற்றி மடிந்து உள்ளிழுத்துக்கொள்கிறது. விழுங்கும் தொழிலே அறியாத செல்லை விழுங்கவைக்கும் வித்தை இது. டைஃபிமூரியத்தில் இன்னொரு நுட்பமும் காணப்படுகிறது. அலையை எழுப்பும் புரதம் செல்லுக்குள் விரைவில் சிதைந்துவிடுகிறது. அதனுடன் செலுத்தப்பட்ட வேறொரு புரதமோ நெடுநேரம் நிலைத்திருந்து, குலைந்த சட்டகத்தைப் பழைய நிலைக்கே கொண்டுவருகிறது. திருடன் உள்ளே நுழைந்தபின் கதவை ஓசையின்றிச் சாத்திவிடுகிறான்!

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. திருடன், வித்தை, தேர்ந்தெடுத்தல் எனச் சொல்கிறோமே தவிர, பாக்டீரியாவுக்கு எண்ணமும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் காவலில் சிக்கியவை அழிந்தன. தற்செயலான மாற்றத்தால் தப்பியவை பெருகின. நாம் சூழ்ச்சியாகக் காண்பது அப்பெருக்கத்தின் எச்சமே. ஆனால், மனித மொழியில் சொல்லாமல் இதனை விளக்குவதும் எளிதன்று.

விழுங்கியவரின் வயிற்றுள்

சுவரைக் கடந்த பாக்டீரியாவை மேக்ரோஃபேஜ் விழுங்குகிறது. விழுங்கப்பட்டது ஒரு சிறு பையினுள் அடைபடுகிறது. வழக்கமாக அப்பையில் அமிலம் ஊறும்; அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பாயும்; செரிமான நொதிகள் நிறைந்த வேறு பைகள் வந்து அதனுடன் இணையும். சில மணி நேரத்தில் உள்ளிருப்பது கூழாகிவிடும்.

சால்மோனெல்லாவோ அமிலம் ஊறுவதையே ‘நான் எங்கிருக்கிறேன்’ என்பதற்கான குறிப்பாகக் கொள்கிறது. அமிலத்தையும் மக்னீசியக் குறைவையும் உணரும் புரத இணை ஒன்று அதன் உறையில் உள்ளது. அது தூண்டப்பட்டதும் பல மரபணுக்கள் ஒருசேர விழித்தெழுகின்றன. இரண்டாம் வகை ஊசி ஒன்று உருவாகிறது. முதல் ஊசி செல்லுக்குள் நுழைவதற்கு. இவ்வூசி செல்லுக்குள் வாழ்வதற்கு. இதன் வழியே பையின் சுவரைக் கடந்து வெளியேறும் புரதங்கள், அரிக்கும் ஆக்சிஜனை உண்டாக்கும் நொதித்தொகுதி அப்பையை வந்தடையாமல் திசைதிருப்புகின்றன. பையின் சுவரை நீண்ட குழல்களாக இழுத்து விரிக்கின்றன. சிறையாக இருந்த பை, உணவு வந்துசேரும் அறையாகிறது. அங்கே பாக்டீரியா பெருகுகிறது.

மேக்ரோஃபேஜ் ஓரிடத்தில் நிற்கும் காவலர் அன்று. நிணநீர் வழியாகவும் குருதி வழியாகவும் அது பயணிக்கும். கல்லீரல், மண்ணீரல், எலும்பு மச்சை ஆகிய இடங்களுக்கு டைஃபி சென்று சேர்வது பெரும்பாலும் இக்காவலரின் உள்ளிருந்தே. டைபாய்டு நோயாளியின் குருதியில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு பாக்டீரியாகூட இல்லாதிருத்தல் பெருவழக்கு. இருப்பவற்றிலும் பெரும்பாலானவை செல்களுக்குள் இருக்கின்றன. குருதி வளர்ப்புச் சோதனையில் நோய் பலமுறை புலப்படாமல் போவதற்கும், எலும்பு மச்சையை எடுத்துச் சோதித்தால் கூடுதலாகப் புலப்படுவதற்கும் இதுவே காரணம்.

மருத்துவத்திலும் இதற்குப் பொருள் உண்டு. செல்களுக்குள் எளிதில் புகாத ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் ஆய்வுக்கூடத் தட்டில் டைஃபியைக் கொல்லும். நோயாளியிடம் அவை பயனளிப்பதில்லை. 1948இல் மலேயாவில் குளோரம்பெனிகால் என்னும் மருந்து டைபாய்டைக் குணப்படுத்தும் எனக் கண்டறியப்பட்டபின், இந்நோயால் இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. எனினும், தகுந்த மருந்தைத் தொடங்கிய பின்னும் காய்ச்சல் தணியச் சில நாள்கள் ஆகும். தணிந்ததும் மருந்தை நிறுத்திவிட்டால், செல்களின் உட்பைகளில் எஞ்சியிருப்பவை மீண்டும் பெருகிக் காய்ச்சலைத் திரும்பக் கொண்டுவரக்கூடும். ‘உடம்பு தேறிவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை?’ என்று வீட்டில் கேட்போர்க்குச் சொல்லவேண்டிய விடை இது.

ஆரவாரம் விரும்பும் உடன்பிறப்பு

டைஃபியின் மறைவு வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, டைஃபிமூரியத்தின் வெளிப்படையான வாழ்க்கையைச் சற்றே பார்க்கவேண்டும். அது குடலில் அழற்சியை மூட்டுகிறது; நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. இது பாக்டீரியாவுக்குக் கேடுதானே என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2010இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆண்ட்ரியாஸ் பாய்ம்லர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தைத் தலைகீழாக்கியது. குடலில் உண்டாகும் கந்தகச் சேர்மம் ஒன்றை, நியூட்ரோஃபில்கள் உமிழும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் டெட்ராதயோனேட் என்னும் பொருளாக மாற்றிவிடுகின்றன. ஆக்சிஜன் அரிதான குடலில், டைஃபிமூரியம் அப்பொருளைக் கொண்டு சுவாசிக்கிறது! குடலின் பழங்குடிகளான பிற பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவற்றுக்கு அத்திறன் இல்லை. உடல் தொடுத்த போர், ஊர்மக்களாகிய நல்ல பாக்டீரியாக்களை நலிவித்து அயலானுக்கு மூச்சுக்காற்று வழங்கிவிடுகிறது.

இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. மலத்திலிருந்து சால்மோனெல்லாவை மட்டும் பெருக்கிக் காட்ட, ஆய்வுக்கூடங்கள் டெட்ராதயோனேட் கலந்த வளர்ப்புநீரை 1923 முதலே பயன்படுத்திவந்தன. சோதனைக் குழாயில் பயன்பட்ட அப்பொருள் நோயுற்ற குடலிலேயே உருவாகிறது என்பது தெரிய எண்பத்தேழு ஆண்டுகள் ஆயின.

இரும்புக்கான போராட்டமும் இத்தகையதே. இரும்பின்றிப் பாக்டீரியா பெருக இயலாது. எனவே, உடல் இரும்பை ஒளித்துவைக்கிறது. பாக்டீரியா, இரும்பைப் பற்றிக்கொள்ளும் சிறு மூலக்கூறை வெளியே அனுப்பி அதனைக் கவர்ந்துவர முயல்கிறது. உடல் அம்மூலக்கூறையே பற்றிப்பிடிக்க ‘லிப்போகாலின்-2’ என்னும் புரதத்தைச் சுரக்கிறது. சால்மோனெல்லா அம்மூலக்கூறின்மேல் சர்க்கரையை ஒட்டவைத்து, லிப்போகாலினின் பிடியில் பொருந்தாதபடி செய்துவிடுகிறது. பூட்டுக்கு மேல் பூட்டும், சாவிக்கு மேல் சாவியுமாக நீளும் போட்டி இது.

டைஃபிமூரியம் தன் கசையிழையை மாற்றிக்கொள்வதும் உண்டு. நீந்த உதவும் அவ்விழை ஃபிளாஜெல்லின் என்னும் புரதத்தால் ஆனது. எதிர்ப்பொருள்கள் அதனை நன்கு அறியும். இப்பாக்டீரியாவிடம் இருவகை ஃபிளாஜெல்லினுக்கான மரபணுக்கள் உள்ளன. டிஎன்ஏவின் ஒரு சிறு துண்டு தலைகீழாகத் திரும்பும்போது ஒன்று அணைந்து மற்றொன்று இயங்கும். ஆங்கிலேய ஆய்வாளர் ஆண்ட்ரூஸ் 1922இல் இம்மாற்றத்தை முதன்முதலில் கண்டறிந்தார். முதல் உருவத்தைத் தேடும் எதிர்ப்பொருள், இரண்டாம் உருவத்தைக் கண்டும் காணாததுபோல் போகும்.

முகம் மறைக்கும் போர்வை

டைஃபி இவ்வகை ஆரவாரங்களை விட்டுவிட்டது. உடல் எதனைக் கொண்டு பாக்டீரியாவை அடையாளம் காண்கிறது என்பதை அறிந்தால், டைஃபி எதனை மறைக்கிறது என்பதும் விளங்கும்.

பாக்டீரியாவின் வெளியுறையில் கொழுப்பும் சர்க்கரைத்தொடரும் இணைந்த ஒரு மூலக்கூறு உண்டு. அதன் பெயர் லிப்போபாலிசாக்கரைடு. நம் செல்களில் அது இல்லை. எனவே, ‘அயலான் வந்தான்’ என்பதற்கு அதுவே நம்பகமான அடையாளம். நம் செல்களின் மேலுள்ள ‘டிஎல்ஆர்-4’ என்னும் உணர்வி அதனைக் கண்டதும் அபாயமணி அடிக்கும். இவ்வுணர்வியைக் கண்டறிந்த புரூஸ் பாய்ட்லர் 2011இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கசையிழையின் ஃபிளாஜெல்லினைக் காணவும் தனி உணர்விகள் உள்ளன.

டைஃபி குடலின் உட்பகுதியில் இருக்கும்வரை நீந்துகிறது. கசையிழையும் ஊசியும் கொண்டிருக்கிறது. குடற்சுவரைக் கடந்து திசுவுக்குள் புகுந்ததும், அங்குள்ள உப்புச்செறிவின் வேறுபாட்டை உணர்ந்து ‘டிவிஏ’ என்னும் ஒழுங்குபடுத்தும் புரதம் செயற்படத் தொடங்குகிறது. அது கசையிழை உற்பத்தியை நிறுத்துகிறது. நுழைவுக்கு உதவிய ஊசியையும் அடக்குகிறது. அதே நேரத்தில் கூட்டுச்சர்க்கரையால் ஆன தடித்த உறை ஒன்றை உருவாக்கச் செய்கிறது. அவ்வுறை பாக்டீரியாவின் உடல்முழுதும் போர்த்தி, கீழுள்ள லிப்போபாலிசாக்கரைடை உணர்விகளின் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறது. குருதியிலுள்ள நிரப்புப் புரதங்கள் வந்து ஒட்டுவதையும் அது குறைக்கிறது. அதனால், நியூட்ரோஃபில்களை அழைக்கும் குரலும் எழுவதில்லை. குடல் எரியாமல், வயிறு கலங்காமல், நோயரும்பும் காலம் அமைதியில் கழிகிறது.

1934இல் ஃபெலிக்ஸ், பிட் என்னும் இரு ஆய்வாளர்கள் இவ்வுறையைக் கண்டறிந்தனர். எலிகளில் கொடிய நோயை உண்டாக்கிய டைஃபியிடம் இவ்வுறை காணப்பட்டதால், நோய்வன்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளைக் கொண்டு அதற்கு ‘வி.ஐ.’ எனப் பெயரிட்டனர். அது மறைக்கும் உறை என்பது பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று.

டைஃபியின் முழு மரபணுத்தொகுதி 2001இல் படித்தறியப்பட்டது. அதில் 200க்கும் மேற்பட்ட மரபணுக்கள் பழுதுற்று இயங்காமல் கிடந்தன. அழற்சியுற்ற குடலில் வாழ உதவும் மரபணுக்கள் பலவும் அவற்றுள் அடங்கும். பல விலங்குகளிலும் வாழும் திறனை இழந்து, மனித உடல் ஒன்றையே வாழிடமாகக் கொண்டது டைஃபி. எலிக்கும் பசுவுக்கும் கோழிக்கும் அதனால் இயற்கையில் டைபாய்டு வருவதில்லை. ஆய்வாளர்க்கு இது பெரும் இடர். எலியில் டைபாய்டு போன்ற நோயை உண்டாக்குவது டைஃபிமூரியமே என்பதால், நாம் மேலே கண்ட உண்மைகள் பலவும் அவ்வழியிலேயே அறியப்பட்டவை.

தெரியுமா?

நம்மூர் ஆய்வுக்கூடங்களில் டைபாய்டுக்கு எனப் பரவலாகச் செய்யப்படும் ‘வைடால்’ சோதனை, பிரான்சு நாட்டு மருத்துவர் ஃபெர்னாண்ட் வைடால் என்பவரால் 1896இல் அறிமுகப்படுத்தப்பட்டது. அது பாக்டீரியாவைத் தேடுவதன்று. அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுவது. முன்பு வந்த தொற்றாலும், பிற சால்மோனெல்லா வகைகளாலும் அது நேர்விடை தரக்கூடும். நோயின் முதல் வாரத்தில் எதிர்விடை தருதலும் உண்டு. எனவே, ஒரே ஒரு வைடால் சோதனையைக் கொண்டு நோயை உறுதிசெய்தல் போதுமானதன்று.

பித்தப்பையில் தங்கியவை

கல்லீரலை அடைந்த டைஃபி, பித்தநீரோடு பித்தப்பைக்கு வருகிறது. அங்கிருந்து மீண்டும் குடலுக்குள் கொட்டுகிறது. இரண்டாம் முறை வரும் பாக்டீரியாக்களைப் பேயர் திட்டுகளிலுள்ள செல்கள் இப்போது அடையாளம் கண்டு கடுமையாகத் தாக்குகின்றன. மருத்துவம் பெறாதவர்க்கு மூன்றாம் வாரத்தில் அத்திட்டுகள் புண்ணாகிக் குடலில் துளை விழுவது இதனாலேயே. இது டைபாய்டின் கொடிய விளைவுகளுள் ஒன்று. காவலர் உறங்கியதும் கேடு. காலந்தாழ்த்தி விழித்ததும் கேடு.

நோய் தணிந்தபின் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர் வரை ஓராண்டுக்கு மேலும் இப்பாக்டீரியாவைச் சுமப்போர் ஆகின்றனர். அவர்களுட் பலர்க்குப் பித்தக்கற்கள் இருக்கும். கல்லின்மேல் டைஃபி ஒன்றோடொன்று ஒட்டி, பிசின் போன்ற படலமாகப் படிந்துகொள்கிறது. எதிர்ப்பொருளும் மருந்தும் அப்படலத்துள் எளிதில் ஊடுருவுவதில்லை. சுமப்பவரோ முழு நலத்துடன் நடமாடுகிறார்.

அயர்லாந்தில் பிறந்து நியூயார்க்கில் சமையற்பணி செய்த மேரி மல்லன் அத்தகையவர். 1906ஆம் ஆண்டு கோடையில் ஆய்ஸ்டர் பே என்னும் ஊரில் ஒரு குடும்பத்தினருக்கு டைபாய்டு வந்தபோது, ஜார்ஜ் சோப்பர் என்னும் துப்புரவுப் பொறியாளர் காரணத்தைத் தேடினார். மேரி பணிசெய்த பிற வீடுகளிலும் நோய் தோன்றியிருந்தது தெரியவந்தது. 1907இல் அதிகாரிகள் மேரியைப் பிடித்து நார்த் பிரதர் தீவில் தனிமைப்படுத்தினர். எடுக்கப்பட்ட 163 மல மாதிரிகளில் 120இல் டைஃபி இருந்தது, 43இல் இல்லை. பித்தப்பையிலிருந்து பாக்டீரியா விட்டுவிட்டு வெளியேறுவதால் நேரும் வேறுபாடு அது. ஆனால், தாம் ஒருநாளும் டைபாய்டால் படுக்காதவர் என்று நம்பிய பெண்மணிக்கு, இல்லை என்று வந்த முடிவுகளே உண்மையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

சமையற்பணி செய்வதில்லை என்னும் உறுதிமொழியின்பேரில் 1910இல் மேரி விடுவிக்கப்பட்டார். வேறு தொழிலில் அவருக்கு அத்துணைக் கூலி கிட்டவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் அடுப்படிக்குச் சென்றார். 1915இல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் 25 பேர் நோயுற, அங்குச் சமைத்தவர் மேரியே எனத் தெரிந்தது. மீண்டும் அதே தீவு. 1938இல் இறக்கும்வரை 23 ஆண்டுகள் அவர் அங்கேயே இருந்தார். அக்காலத்தில் நியூயார்க்கில் அவரைப்போலச் சுமப்போர் வேறு பலரும் கண்டறியப்பட்டனர். அவர்களுள் எவரும் இத்துணைக் காலம் அடைத்துவைக்கப்படவில்லை. பிறர் உயிரைக் காப்பது அரசின் கடமைதான். ஆயினும், தன் உடலின் காவலரே காணாத ஒன்றனுக்காக ஓர் ஏழைப் பெண்ணை மட்டும் வாழ்நாள் முழுதும் சிறைவைத்தது நீதியாகுமா என்னும் வினா இன்றும் பொதுச் சுகாதார வகுப்புகளில் விவாதிக்கப்படுகிறது. ‘டைபாய்டு மேரி’ என்று பத்திரிகைகள் சூட்டிய பெயர் அப்பெண்மணியின் பெயரையே விழுங்கிவிட்டது.

போர்வையைக் கொண்டே பிடித்தல்

டைஃபியின் வலிமை வி.ஐ. உறையில் உள்ளது. உறை வெளியில் இருப்பதால் எதிர்ப்பொருள் எட்டிப்பிடிக்க ஏற்ற இடமும் அதுவே. இக்கருத்தின் அடிப்படையில், உறையின் கூட்டுச்சர்க்கரையைப் பிரித்தெடுத்துத் தடுப்பூசியாகச் செலுத்தும் முறை உருவாயிற்று. எனினும், வெறும் சர்க்கரைத்தொடரை டி-செல்கள் அடையாளம் காண்பதில்லை. அவற்றின் துணையின்றி நெடுங்கால நினைவு உண்டாவதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடலோ அதற்கு ஈடாக எதிர்வினை காட்டுவதே இல்லை. நோய்க்கு எளிதில் இலக்காகும் குழந்தைகளை அத்தடுப்பூசி காக்கவில்லை.

இதற்குக் கண்ட வழி எளிமையானது, அழகானதும்கூட. சர்க்கரைத்தொடரை ஒரு புரதத்தோடு பிணைத்துவிட்டால், புரதத்தை அறியும் டி-செல்கள் சர்க்கரையை அறியும் பி-செல்களுக்குத் துணைவரும். ஐதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் வி.ஐ. உறைச்சர்க்கரையை டெட்டனஸ் நச்சிலிருந்து பெற்ற தீங்கற்ற புரதத்தோடு பிணைத்துத் தயாரித்த தடுப்பூசி, உலகச் சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி ஏற்பைப் பெற்றது. ஆறு மாதக் குழந்தைக்கும் அதனைச் செலுத்தலாம். நேபாளத்திலும் மலாவியிலும் நடந்த பெரிய ஆய்வுகளில் அது ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பு அளித்தது. 2018இல் நவி மும்பை மாநகராட்சி தன் பகுதிக் குழந்தைகளுக்கு அதனை வழங்கியது. பல மருந்துகளுக்கும் அடங்காத டைஃபி 2016இல் சிந்து மாகாணத்தில் பரவத் தொடங்கியபின், 2019இல் பாகிஸ்தான் அதனைத் தன் வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. அவ்வாறு சேர்த்த முதல் நாடு அதுவே.

ஆயினும் போர் முடியவில்லை. டைபாய்டை ஒத்த காய்ச்சலை உண்டாக்கும் ‘பாராடைஃபி ஏ’ என்னும் மற்றோர் உடன்பிறப்பு ஆசிய நாடுகளில் பரவலாக உள்ளது. அது வி.ஐ. உறையைப் போர்த்துவதே இல்லை. எனவே, இத்தடுப்பூசியால் உருவான எதிர்ப்பொருளுக்கு அதனிடம் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டையும் ஒருசேரத் தடுக்கும் ஊசிகள் ஆய்வில் உள்ளன. அதுவரை, உடலின் மதிலை அடையும் முன்பே இவ்விரண்டையும் நிறுத்தவல்லவை கழிவுநீர் கலவாத குடிநீரும், சோப்பிட்டுக் கழுவிய கைகளும், மூடிய கழிவுநீர்க் குழாய்களுமே.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் தெருவிற்கு வரும் குடிநீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தூய்மை செய்யப்படுகிறது, கழிவுநீர்க் குழாயை எங்கெல்லாம் கடக்கிறது என்பதைக் கேட்டறிந்து வரைபடமாக வரைக.

2. ‘மேரி மல்லனைத் தனிமைப்படுத்தியது சரியே’, ‘அன்று’ என்னும் இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. திருக்குறளின் ‘உட்பகை’ அதிகாரத்தைப் படித்து, அதில் கூறப்படும் இயல்புகளுள் எவை டைஃபி பாக்டீரியாவுக்குப் பொருந்துகின்றன, எவை பொருந்தவில்லை என்பதை எழுதுக.